மனம் திரும்பிய பேரரசர்

அந்தக் காலத்தில் ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டவர்கள் பலர். பெற்றபின் பெரும்பாவம் செய்தால் ஊரறிய மனம்வருந்தி நிற்க வேண்டுமே! கான்ஸ்டன்டைன் 337-ல் மரணப்படுக்கையில்தான் பெற்றார். கெட்டிக்காரர்!

ரோமப் பேரரசர் தியோடோசியஸும் 380-ல் தெசலோனிக்காவில் கடும் நோயில் கிடந்தபோது ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் பிழைத்துக்கொண்டார்.

390-ல் அதே ஊர் மக்கள், தங்கள் அபிமான ரத ஓட்டியைச் சிறைவைத்த தளபதியைக் கொன்றார்கள். பதிலுக்குப் பேரரசரின் படை ஊரையே வெட்டிச் சாய்த்தது. 7000 பேர் என்கிறார் பிற்கால ஆசிரியர் தியோடரெட்.

மிலான் பிஷப் அம்புரோஸ் அவருக்குக் கடிதம் எழுதினார்: தாவீது ராஜாவைப் போல் மனம்திரும்பும், அதுவரை உம் முன்னால் நற்கருணை நிறைவேற்றமாட்டேன். (கோவில் வாசலில் மறித்தார் என்பது பின்னால் சேர்ந்த கதை.) பேரரசர் அரச உடையைக் களைந்து, சபை முன் அழுதார். அந்தக் கிறிஸ்துமசுக்குத்தான் நற்கருணைக்கு அனுமதி கிடைத்தது. செத்தவர்கள் செத்தவர்கள்தான்.