வானின் ஓட்டைகளும் தூசுத் திரையும்

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே உள்ள காதங்கியில், 1990-களின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட பெரிய ரேடார் ஒன்று மேலுள்ள காற்றை ஆராய்ந்து வருகிறது. அந்நிலையமே இன்றைய தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம். அங்கே ஆராயப்படுவனவற்றுள் நீராவியும் ஒன்று. தொலைவிலுள்ள சில விண்மீன் மண்டலங்களின் உண்மை வடிவம் நெடுங்காலம் மறைந்திருந்ததற்கு அந்த நீராவியும் ஒரு காரணம்.

18-ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹெர்ஷல், விண்மீன் கூட்டங்களிடையே கரிய இடங்களைக் கண்டு, அவற்றை வானில் உள்ள ஓட்டைகள் எனக் கருதினார். 1800-இல் அவரே, சிவப்பொளிக்கு அப்பால் கண்ணுக்குப் புலனாகாத வெப்பக் கதிர் இருப்பதைக் கண்டறிந்தார். அந்தக் கரிய இடங்களை அறியும் திறவுகோல் அதுவே என்பதை அவர் அறிந்திலர். விண்மீன்களிடையே ஒளியை மறைக்கும் தூசு பரவியிருப்பதை 1930-இல் டிரம்ப்ளர் நிறுவினார்.

இளம் விண்மீன்களின் ஒளியை விழுங்கும் தூசு, சற்றே வெப்பமுற்று, அந்த ஆற்றலைத் தொலை அகச்சிவப்புக் கதிராக வெளியிடுகிறது. திருமலையின் மேகமற்ற இரவிலும் அக்கதிர் தரையை எட்டாது. காற்றிலுள்ள நீராவி அதைத் தடுத்துவிடும். 1983-இல் விண்ணேறிய ஐராஸ் செயற்கைக்கோள் இத்தடையைக் கடந்தது. கதிரவனைப் போல் 10,000 கோடி மடங்குக்கு மேல் அகச்சிவப்பு ஆற்றலை வீசும் விண்மீன் மண்டலங்களை அது திரளாகக் காட்டியது. ஆர்ப் 220 என்பது அதனினும் பத்து மடங்கைத் தாண்டியது. இரு மண்டலங்கள் மோதிக் கலந்ததன் விளைவு அது.

மோதலில் வாயு நடுவே குவிகிறது. விண்மீன்கள் விரைந்து பிறக்கின்றன. அவ்வாயுவில் மிகுந்துள்ள மூலக்கூறு ஹைட்ரஜன் குளிரில் ஏறக்குறைய கதிர் வீசுவதில்லை. அதனோடு கலந்த கார்பன் மோனாக்சைடே, 2.6 மில்லிமீட்டர் அலைநீளத்தில், அதன் அளவைத் தெரிவிக்கிறது. விண்வெளியில் அம்மூலக்கூறு கண்டறியப்பட்டது 1970-இல்.

இவ்வரலாற்றில் நம் நாட்டிற்கும் பங்குண்டு. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 1 மீட்டர் தொலைநோக்கியை ஐதராபாத்திலிருந்து பலூனில் ஏற்றி, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, நம் பால்வீதியில் விண்மீன் பிறக்கும் தூசு மேகங்களை 150, 210 மைக்ரான் அளவில் வரைபடமாக்கினர். பின்னர் ஜப்பானியரோடு இணைந்து அயனியுற்ற கார்பனின் 158 மைக்ரான் கதிரையும் அளந்தனர். தொலைவில் ஒரு புள்ளியாய்த் தெரியும் மண்டலத்தில் தூசும் வாயுவும் எவ்வாறு இயங்குகின்றன என்பதை, அருகிலுள்ள இம்மேகங்களைக் கொண்டே நாம் உணர்கிறோம். காதங்கியில் ஆய்வுப்பொருளாய் இருக்கும் நீராவி, ஐதராபாத்தில் ஏறிக் கடக்க வேண்டிய தடையாய் இருந்தது.