ரெஸில்மேனியா எக்ஸ்-செவன்: 2001-ன் அந்த இரவை இன்று திரும்பப் பார்த்தால் என்ன தெரிகிறது?

2001 ஏப்ரல் 1, ஞாயிற்றுக்கிழமை இரவு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம், ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோம் அரங்கம். உள்ளே 67,925 பேர் இருந்ததாக அன்று டபிள்யூ.டபிள்யூ.எஃப் என்ற பெயரில் இயங்கிய நிறுவனம் அறிவித்தது. வீட்டிலிருந்தபடி தனியாகப் பணம் கட்டிப் பார்த்த இணைப்புகளின் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. 11 சண்டைகள், ஏறக்குறைய நான்கு மணி நேரம்.

"இதுவரை வந்ததிலேயே சிறந்த ரெஸ்லிங் நிகழ்ச்சி எது?" என்று ரசிகர்களிடம் கேட்டால், பெரும்பாலும் முதல் மூன்று பதில்களுக்குள் இது வந்துவிடும். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் இப்போது, கையில் ஸ்டாப்வாட்சும் ஸ்ப்ரெட்ஷீட்டுமாக உட்கார்ந்து பார்த்தால், இது உச்சம் மட்டும் இல்லை, சரிவின் முதல் படியும் இதே இரவில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

பே-பர்-வியூ என்றால்?

மாதச் சந்தா கட்டும் கேபிளில் ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் தனிக் கட்டணம் கட்டிப் பார்ப்பதுதான் பே-பர்-வியூ. வாராவாரம் வரும் 'ரா', 'ஸ்மாக்டவுன்' எல்லாம் தொடர்கதை மாதிரி. அந்தக் கதை முட்டிமோதி முடிகிற இடம் பே-பர்-வியூ. அதில் ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய திருவிழா ரெஸில்மேனியா.

இந்தியாவில் நமக்கு இந்தத் தனிக் கட்டணம் பழக்கமில்லை. கேபிள்காரருக்குக் கொடுத்த மாதப் பணத்திலேயே அப்போது எல்லாம் வந்துவிட்டது. 2002-ல் டென் ஸ்போர்ட்ஸ் வந்த பிறகு இங்கே ஒரு தலைமுறையே இதைப் பார்த்து வளர்ந்தது. டிரம்ப் கார்டில் உயரம், எடை, ரேங்க் சொல்லி விளையாடியவர்கள், அண்டர்டேக்கர் ஏழு தடவை செத்துப் பிழைத்தவர் என்று சத்தியம் செய்தவர்கள் நம்மில் நிறையப் பேர். (தரவு மீதான என் ஆர்வம் அந்த டிரம்ப் கார்டில்தான் தொடங்கியது என்று சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள்.)

"எல்லாம் செட்டப்புதானே?" என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். யார் ஜெயிக்க வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவானது. ஆனால் ஏணியிலிருந்து விழுவது நிஜமாக விழுவதுதான். ஈர்ப்பு விசைக்கு ஸ்கிரிப்ட் தெரியாது.

ஒன்பது நாள் முன்பு என்ன நடந்தது?

இந்த நிகழ்ச்சியைப் புரிந்துகொள்ள மார்ச் 23-க்குப் போக வேண்டும். டபிள்யூ.டபிள்யூ.எஃப்-ன் ஒரே பெரிய போட்டியாளரான டபிள்யூ.சி.டபிள்யூ-வை வின்ஸ் மக்மஹோன் விலைக்கு வாங்கிய செய்தி அன்றுதான் வந்தது. ஒருகாலத்தில் திங்கள் இரவு ரேட்டிங்கில் தொடர்ந்து 83 வாரம் வின்ஸைத் தோற்கடித்த நிறுவனம் அது. மார்ச் 26-ல் அதன் 'நைட்ரோ' நிகழ்ச்சி கடைசியாக ஒளிபரப்பானது. ஆறாவது நாள் ரெஸில்மேனியா.

அதாவது, ஹூஸ்டனில் விளக்கு எரிந்தபோது வின்ஸுக்கு எதிரியே இல்லை. ஐந்தாறு வருடம் "அடுத்த வாரம் அவன் என்ன செய்வானோ" என்ற பயத்தில் தயாரான திறமை முழுக்க அந்த ஒரு மேடையில் கொட்டிக் கிடந்தது. பயம் மட்டும் போய்விட்டது.

கடிகாரம் சொல்வது

மணி அடித்ததிலிருந்து சண்டை முடியும் வரையிலான நேரத்தை மட்டும் கூட்டினால், 11 சண்டைகளுக்கும் சேர்த்துச் சுமார் 125 நிமிடம். மீதியெல்லாம் அறிமுக நடை, பேச்சு, முன்கதை வீடியோ. வீணான நேரம் என்று சொல்ல மாட்டேன். டிரிபிள் எச் நடந்துவர மோட்டர்ஹெட் குழு நேரிலேயே வாசித்ததெல்லாம் அந்த மீதிக் கணக்கில்தான் வருகிறது.

கடைசிச் சண்டையான ராக் - ஸ்டீவ் ஆஸ்டின் மோதல் மட்டும் 28 நிமிடம் 6 விநாடி. பட்டியலில் இருப்பதிலேயே குறுகிய ஐந்து சண்டைகளையும் சேர்த்தால்கூட 25 நிமிடம் சொச்சம்தான் வருகிறது. எல்லோருக்கும் ஒரு இடம் கொடுத்தார்கள், ஆனால் நேரத்தை யாருக்குக் கொடுத்தார்கள் என்று பார்த்தால் மனசு தெரிந்துவிடும்.

பெண்களுக்கான ஒரே சண்டை, ஐவரியிடமிருந்து சைனா பட்டத்தைப் பறித்தது. 2 நிமிடம் 39 விநாடி. மொத்த சண்டை நேரத்தில் சுமார் 2 சதவீதம். ஆண்களோடு மோதி இன்டர்கான்டினென்டல் பட்டம் வென்ற முதல் பெண் சைனா. அவருக்கே அவ்வளவுதான். பழைய நட்சத்திரங்களை வரிசையாக அழைத்துவந்த வேடிக்கைச் சண்டைக்கு இதைவிடக் கூடுதலாக 3 நிமிடம் 5 விநாடி கிடைத்தது. அதில் ஜெயித்தவர் அயர்ன் ஷேக். மேல் கயிற்றைத் தாண்டி விழ அவருடைய முழங்கால் இடம் தராது என்பதால்தான் அவரை ஜெயிக்க வைத்தார்கள் என்று சொல்வார்கள். பெண்கள் ரெஸில்மேனியாவின் கடைசிச் சண்டைக்கு வர 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வருகைக் கணக்கு பற்றி ஒரு எச்சரிக்கை. ரெஸ்லிங் நிறுவனங்கள் மேடையில் சொல்லும் எண்ணும் ஒரு கதாபாத்திரம்தான். 1987-ல் மூன்றாவது ரெஸில்மேனியாவுக்கு 93,173 பேர் வந்தார்கள் என்ற அறிவிப்பைப் பற்றிய சண்டை இன்றும் ஓயவில்லை.

ஏணி, மேசை, நாற்காலி

எட்ஜ் - கிறிஸ்டியன், ஹார்டி சகோதரர்கள், டட்லி சகோதரர்கள் என மூன்று ஜோடிகள் மோதிய டி.எல்.சி சண்டையை முன்பின் தெரியாதவருக்குப் போட்டுக் காட்டினாலும் எழுந்திருக்க மாட்டார். மேலே தொங்கும் பெல்ட்டை ஏணி ஏறி எடுக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. ஜெஃப் ஹார்டி பெல்ட் தொங்கும் வளையத்தைப் பிடித்து அந்தரத்தில் ஆடுகிறார். எதிரே இருந்த ஏணியின் மேலிருந்து எட்ஜ் பாய்ந்து, காற்றிலேயே அவரை இடுப்போடு கட்டிக் கீழே கொண்டுவருகிறார். இருபது வருடத்துக்கும் மேலாக அந்த நிறுவனத்தின் விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வரும் காட்சி அது. அந்த எட்ஜ் 2011-ல் கழுத்துப் பாதிப்பால் ஓய்வு பெற்றார். திரும்பி வர ஒன்பது வருடம் ஆனது.

அண்டர்டேக்கர் - டிரிபிள் எச் சண்டை நல்ல சண்டைதான். ஆனால் ரெஃப்ரி ஒரே அடியில் பல நிமிடம் எழாமல் படுத்துக் கிடப்பது அன்றே உறுத்தியது, இன்று இன்னும் உறுத்துகிறது. அண்டர்டேக்கருக்கு இது ரெஸில்மேனியாவில் ஒன்பதாவது தொடர் வெற்றி. பின்னாளில் 21 வரை போன அந்தக் கணக்கு அப்போது விளம்பரத்தின் மையத்தில் இல்லை.

வின்ஸும் அவர் மகன் ஷேனும் மோதியது வேறு வகை. அப்பட்டமான குடும்ப சீரியல். மயக்க மருந்தில் சக்கர நாற்காலியில் கிடக்கும் மனைவி, கணவனின் காதலி, அப்பா பக்கம் நிற்கும் மகள். கடைசியில் மனைவி லிண்டா எழுந்து நின்று வின்ஸை உதைக்கும்போது வருகிற கூச்சல், அந்த இரவின் மிகப் பெரிய கூச்சல்களில் ஒன்று. அதே லிண்டா மக்மஹோன் 2025 முதல் அமெரிக்காவின் கல்வி அமைச்சர் என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் காட்சியைப் பார்ப்பது தனி அனுபவம்.

ஆஸ்டின் ஏன் வின்ஸின் கையைப் பிடித்தார்?

ஸ்டீவ் ஆஸ்டினின் கதாபாத்திரம் ஒரே வரி: முதலாளியை அடிக்கிற தொழிலாளி. 1998-லிருந்து நிறுவனத்தைத் தூக்கி நிறுத்திய கதை அது. முதலாளி, நிஜத்திலும் முதலாளியான வின்ஸ். கழுத்து அறுவை சிகிச்சைக்காக 2000-ன் பெரும்பகுதியை இழந்த ஆஸ்டின் திரும்பி வந்து, ராயல் ரம்பிளை வென்று, சாம்பியன் ராக்கை எதிர்கொள்கிறார். சண்டை தொடங்கும் நேரத்தில் 'டிஸ்குவாலிஃபிகேஷன் கிடையாது' என்று அறிவிக்கிறார்கள். அதுதான் முதல் சமிக்ஞை.

இருவர் முகத்திலும் ரத்தம். ராக் ஜெயிக்கப் போகிற நேரத்தில் வின்ஸ் வந்து பின்னைத் தடுக்கிறார். பிறகு ஆஸ்டின் கேட்க, வின்ஸே சேரைக் கொண்டுவந்து தருகிறார். விழுந்து கிடக்கும் ராக்கை ஆஸ்டின் அந்தச் சேரால் அடித்துக்கொண்டே இருக்கிறார். எண்ண ஆரம்பித்தால் இரண்டு கை விரலும் பத்தாது. ஜெயித்த பிறகு வின்ஸோடு கைகுலுக்கி, சேர்ந்து பீர் குடிக்கிறார்.

வர்ணனையாளர் ஜிம் ராஸ் நொறுங்கிப் போகிறார். கதைப்படி கூட்டமும் நொறுங்க வேண்டும். ஆனால் கூட்டம் ஆரவாரம் செய்கிறது! ஆஸ்டின் டெக்சஸ்காரர். சொந்த மண்ணில் அவர் சாம்பியன் ஆகிறார், யாரோடு சேர்ந்து ஆனார் என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சம். நம்மூரில் முதல் நாள் முதல் காட்சியில், கிளைமாக்ஸில் ஹீரோ வில்லனோடு சேர்ந்தாலும் ரசிகர்கள் விசில்தான் அடிப்பார்கள், அது மாதிரி. தவறான ஊரில் சரியான காட்சியை எடுத்துவிட்டார்கள்.

ஊர் மட்டும்தான் பிரச்சினை என்றால் அடுத்த வாரங்களில் சரியாகியிருக்கும். ஆகவில்லை. ஆஸ்டினை வெறுக்க ரசிகர்கள் தயாராக இல்லை, வின்ஸின் நண்பனாக அவரைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. ராக் சினிமா படப்பிடிப்புக்குப் போய்விட்டார். மே மாதம் டிரிபிள் எச் தொடைத் தசை கிழிந்து விலகினார். மறு ஆண்டு ரெஸில்மேனியாவுக்குத் தனிக் கட்டண இணைப்புகள் 10 லட்சத்தைத் தொடவில்லை. 2002 மே மாதம் நிறுவனத்தின் பெயரே டபிள்யூ.டபிள்யூ.இ என்று மாறியது. அதற்குக் காரணம் வேறு, வனவிலங்கு நிதியத்துடனான வழக்கு. அன்று அந்தக் கைகுலுக்கலுக்குப் பதிலாக வின்ஸையும் அடித்திருக்க வேண்டும் என்று ஆஸ்டினே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரு முடிவால் மட்டும் ஒரு தொழில் சரியாது. போட்டியாளர் மறைந்ததும், நட்சத்திரங்கள் காயப்பட்டதும் சேர்ந்த விளைவு இது. ஆனால், கூட்டம் என்ன கேட்கிறது என்று காது கொடுத்த நிறுவனம், கேட்க வேண்டிய கட்டாயம் போன முதல் பெரிய இரவிலேயே அதைத் தவறவிட்டது என்பதுதான் என் கணிப்பு.

கண்ணைத் திருப்பிக்கொள்ளும் இடங்கள்

ரசிகராகப் பார்ப்பதில் இருக்கும் சிக்கலையும் சொல்ல வேண்டும். கர்ட் ஆங்கிள் - கிறிஸ் பென்வா சண்டை, வெறும் பிடிகளாலேயே கட்டப்பட்ட அருமையான 14 நிமிடம். அந்த பென்வா 2007-ல் மனைவியையும் மகனையும் கொன்றுவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய மூளையை ஆராய்ந்த மருத்துவர்கள் கடுமையான பாதிப்பைக் கண்டதாக அறிவித்தார்கள். தலையில் நேராகச் சேரால் அடிப்பதை டபிள்யூ.டபிள்யூ.இ 2010-ல்தான் தடை செய்தது.

யூரோப்பியன் பட்டத்துக்காக அன்று மோதிய எடி கெரேரோ, டெஸ்ட் இருவருமே 40 வயதைத் தொடவில்லை. எடி 2005-ல் 38 வயதில், டெஸ்ட் 2009-ல் 33 வயதில் இறந்தார்கள். சைனா 2016-ல் 46 வயதில்.

வின்ஸ் தன் காதலியாக நடித்த டிரிஷ் ஸ்ட்ராடஸை நாய் மாதிரி குரைக்கச் சொன்ன காட்சி, இந்த ரெஸில்மேனியாவுக்கு முந்தைய மாதம்தான் ஒளிபரப்பானது. அன்று அது 'வில்லத்தனம்' என்ற கணக்கில் போனது. 2024 ஜனவரியில், முன்னாள் பெண் ஊழியர் தொடுத்த பாலியல் குற்றச்சாட்டு வழக்கைத் தொடர்ந்து வின்ஸ் தாய் நிறுவனமான டி.கே.ஓ-வின் பொறுப்பிலிருந்து விலகினார். குற்றச்சாட்டுகளை அவர் மறுக்கிறார். இதெல்லாம் தெரிந்த பிறகு, நடிப்பு எங்கே முடிகிறது என்ற கேள்வி இல்லாமல் அந்தச் சண்டையைப் பார்க்க என்னால் முடியவில்லை.

முழுவதும் பார்க்க நேரமில்லையா?

டி.எல்.சி, வின்ஸ் - ஷேன், ராக் - ஆஸ்டின். இந்த மூன்றும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கோல்ஃப் வண்டியில் துரத்திக்கொண்டு அரங்கத்தின் பின்பக்கமெல்லாம் சுற்றும் கேன் - ரேவன் - பிக் ஷோ சண்டையைச் சிரிப்புக்காகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆறு பேர் மோதும் ரைட் டு சென்சார் சண்டையை விட்டுவிட்டால் ஒன்றும் குறையாது.

கடைசிச் சண்டையை மட்டும் ஹெட்போன் போட்டுப் பாருங்கள். கடைசிச் சில நிமிடங்களில் வர்ணனையாளர் ஒரு கதை சொல்கிறார், பின்னால் 67,925 பேர் வேறொரு கதையைக் கத்திக்கொண்டிருக்கிறார்கள்.