துணைப் பிரதமரும் போர் அதிகாரமும்: லண்டனின் எழுதாத சட்டம்

பிரிட்டனில் துணைப் பிரதமருக்கென்று எந்தச் சட்டமும் போர் அதிகாரம் எதையும் வழங்கவில்லை. படைகளின் தலைமை மன்னருடையது. அமைதிக் காலத்தில் நிரந்தரப் படை வைத்திருக்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று 1689-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் விதித்தது. போர் தொடுப்பதும் படையை ஏவுவதும் மன்னரின் தனியுரிமை அதிகாரம். நடைமுறையில் அதைப் பிரதமரும் அமைச்சரவையும் செலுத்துகின்றனர். பிரதமர் நாட்டில் இல்லாதபோதும் நோயில் விழும்போதும் அதை யார் செலுத்துவது என்ற கேள்விக்கு வழக்கமே விடை சொல்லி வந்திருக்கிறது.

அந்த வழக்கம் உருவானது இரண்டாம் உலகப் போரில். 1940 மே மாதம் பிரதமர் சர்ச்சில் அமைத்த ஐவர் போர்க்கால அமைச்சரவையில் தொழிற்கட்சித் தலைவர் கிளெமென்ட் அட்லி இடம்பெற்றார். சர்ச்சில் பாதுகாப்பு அமைச்சர் என்ற பட்டத்தையும் தாமே ஏற்றுக்கொண்டார். அதற்குத் தனி அமைச்சகமோ சட்ட வரையறையோ கிடையாது. முப்படைகளும் தத்தம் துறைகளின் கீழேயே இருந்தன. ஆகவே போர் நிர்வாகம் முழுவதும் குழுக்களின் வழியாக நடந்தது. குழுவில் தலைமை நாற்காலியில் அமர்பவர் எவரோ அவருக்கே பலம். அட்லியின் பலமும் அங்கிருந்தே வந்தது. 1941 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடற்கரையருகே அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டைச் சந்திக்கச் சர்ச்சில் கப்பலேறியபோது, லண்டனில் அமைச்சரவைக்குத் தலைமை தாங்கியவர் அட்லி. அச்சந்திப்பில் உருவான அட்லாண்டிக் சாசனத்தை வானொலியில் நாட்டுக்கு அறிவித்தவரும் அவரே. துணைப் பிரதமர் என்ற பட்டம் 1942 பிப்ரவரியில்தான் வந்தது. வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

பட்டம் இருந்தும் வாரிசுரிமை இல்லை. அதே ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்கா புறப்படுமுன், ஆறாம் ஜார்ஜ் மன்னர் கேட்டுக்கொண்டதன் பேரில் சர்ச்சில் ஒரு கடிதம் எழுதினார். தாம் உயிருடன் திரும்பாவிட்டால் வெளியுறவு அமைச்சர் ஆன்டனி ஈடனை ஆட்சி அமைக்க அழைக்கலாம் என்பது அவர் தந்த ஆலோசனை. 1945-இல் யால்டா மாநாட்டுக்கு அவரும் ஈடனும் சேர்ந்தே பயணம் செய்ய நேர்ந்தபோது, மூன்றாவதாக ஜான் ஆண்டர்சனின் பெயரைக் குறிப்பிட்டார். இரண்டு முறையும் துணைப் பிரதமரின் பெயர் வரவில்லை. பதவியின் சட்ட நிலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

1951-இல் மன்னரே இதை வெளிப்படையாக வலியுறுத்தினார். மீண்டும் பிரதமரான சர்ச்சில் தந்த அமைச்சர் பட்டியலில் ஈடன் துணைப் பிரதமர் என்று குறிக்கப்பட்டிருந்தார். அடுத்த பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் தம் உரிமையை அது கட்டுப்படுத்தும் என்று கருதிய மன்னர் அதை ஏற்க மறுத்தார். இந்தியாவிலும் இதே நிலைதான். அரசியல் சட்டம் துணைப் பிரதமரைக் குறிப்பிடவில்லை. 1989-இல் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் முன்னிலையில் தேவி லால் ‘துணைப் பிரதமர்’ என்று சொல்லி உறுதிமொழி ஏற்றது வழக்கானது. அது வெறும் அடைமொழி, அதிகாரம் எதையும் கூட்டாது என்று உச்ச நீதிமன்றம் கூறி, உறுதிமொழி செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

பிரிட்டனில் 1953 ஜூனில் சர்ச்சில் பக்கவாதத்தில் விழுந்தபோது ஈடனும் அமெரிக்காவில் அறுவைச் சிகிச்சையில் இருந்தார். நிதியமைச்சர் ஆர். ஏ. பட்லர் அமைச்சரவையை நடத்தினார். நோயின் கடுமை மக்களுக்குச் சொல்லப்படவில்லை. அணு ஆயுதக் காலத்தில் இத்தகைய மறைப்பு ஆபத்தானது. தாக்குதலுக்குப் பதிலடி தர நிமிடங்களே இருக்கும் என்பதால், 1961-இல் பிரதமர் ஹரால்ட் மேக்மில்லன் தாம் கிடைக்காதபோது ஆணையிடுவதற்காக அமைச்சர்களான பட்லரையும் செல்வின் லாயிடையும் நியமித்தார். அவர்களை அவர் குழிவெட்டிகள் என்று குறித்தது பொறுப்பின் கொடுமையை உணர்ந்த சொல். இந்த நியமனம் பதவி வரிசைப்படி தானாக அமைவதில்லை. பிரதமர் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. பெயர்களும் பொதுவாக வெளிவருவதில்லை.

1982 ஃபாக்லாந்து போரின்போது பிரதமர் மார்கரெட் தாட்சரின் சிறு போர்க்குழுவில் துணைப் பிரதமராகக் கருதப்பட்ட வில்லியம் வைட்லா இருந்தார். 2010 கூட்டணி அரசில் துணைப் பிரதமர் நிக் கிளெக் புதிய தேசியப் பாதுகாப்புக் குழுவின் துணைத் தலைவரானார். இரண்டிலும் பழைய முறையே தொடர்ந்தது: செல்வாக்கு குழுவில் இருந்த இடத்தால் வந்தது.

சட்டத்துக்குத் தெரிந்த பெயர் ஒன்று உண்டு. நாடாளுமன்றச் சட்டங்கள் பெரும்பாலும் அதிகாரத்தைக் குறிப்பிட்ட துறைக்குத் தராமல், பொதுவாக ‘அரசுச் செயலர்’ என்ற பதவிக்கே தருகின்றன. அப்பதவியைச் சட்டம் ஒன்றாகவே பார்ப்பதால், ஓர் அரசுச் செயலர் மற்றொருவரின் சட்ட அதிகாரத்தையும் செலுத்த முடியும். அரசுச் செயலராக இல்லாமல் பிரிவி கவுன்சிலின் தலைவராக மட்டும் இருந்த கிளெக்குக்கு அந்த அதிகாரம் கிடையாது.

2020 ஏப்ரல் 6 அன்று பிரதமர் போரிஸ் ஜான்சன் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். வெளியுறவு அமைச்சரும் முதல் அரசுச் செயலருமான டொமினிக் ராப், தேவைப்படும் இடங்களில் அவருக்காகப் பணியாற்றுவார் என்று அறிவிக்கப்பட்டது. தேசியப் பாதுகாப்பு விவகாரத்தில் ராபும் அமைச்சரவையும் முடிவெடுக்க முடிந்தது. அமைச்சர்களை நியமிக்கவும் நீக்கவும் ராபுக்கு உரிமை இருக்கவில்லை. அணு ஆயுத ஆணை யார் கையில் என்ற கேள்விக்கு அரசு பதில் தரவில்லை. எதிரி இடைவெளியை அறியாதிருக்க அந்த மௌனம் தேவைதான். ஆனால் அந்தப் பதிலாளர் ஏற்பாட்டை நாடாளுமன்றம் ஒருபோதும் சட்டமாக வகுக்கவில்லை. பிரதமருக்குப் பதிலாளர் வரிசையைச் சட்டமாக்க 2013-இல் நாடாளுமன்ற உறுப்பினர் பீட்டர் போன் கொண்டுவந்த தனிநபர் மசோதா நிறைவேறவில்லை. ஜான்சன் 2020 ஏப்ரல் 27 அன்று பணிக்குத் திரும்பினார்.