கோனா வெயிலில் உருவான அயர்ன்மேன்

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளியின்றி முடிக்க வேண்டிய போட்டி டிரையத்லான் எனப்படும். அதன் நெடுந்தொலைவு வடிவமான அயர்ன்மேன், ஹவாய்த் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த ஓவாஹு தீவில் பிறந்தது. அங்குத் தனித்தனியே நடந்துவந்த வைக்கீக்கி கடல் நீச்சல், தீவைச் சுற்றிவரும் மிதிவண்டிப் பந்தயம், ஹொனலூலு மாரத்தான் ஆகியவற்றை அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் ஒரே நாளுக்குள் இணைத்ததால், 3.86 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. மிதிவண்டி, 42.195 கி.மீ. ஓட்டம் என்ற அளவு நிலைபெற்றது. 1978 பிப்ரவரி 18 அன்று நடந்த முதல் போட்டியில் 15 பேர் களமிறங்கி 12 பேர் முடித்தனர். கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 விநாடிகளில் வென்றார்.

அப்போது வழியில் தண்ணீர் வழங்கும் ஏற்பாடு எதுவும் இல்லாததால், ஒவ்வொரு வீரரும் தமக்கென உதவியாளர்களை அழைத்துவர வேண்டியிருந்தது. ஓட்டத்தின்போது ஜான் டன்பார் என்ற வீரரின் உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோக, அவர்கள் பீரைக் கொடுத்தனர். தள்ளாடியபடி ஓடிய அவர் இரண்டாம் இடமே பெற்றார். வெயிலில் உடலுக்கு என்ன தேவை என்ற அறிவு அன்று எவ்வளவு குறைவாக இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

1981இல் அமைப்பாளர் வலேரி சில்க், போட்டியை ஹவாய்ப் பெருந்தீவின் கோனா நகருக்கு மாற்றினார். அங்கே நெடுஞ்சாலையின் இருபுறமும் பரந்துகிடக்கும் கரிய எரிமலைப் பாறைக்குழம்பு வெயிலை உறிஞ்சி அனலாகத் திருப்பி உமிழ, நிழலற்ற அந்தச் சாலையில் முமுகு எனப்படும் பலத்த காற்றும் குறுக்கிடுகிறது. குளிர்நாட்டு வீரர்கள் பனிக்காலத்தில் பயிற்சி செய்ய இயலாமல் வருவதைக் கருதி, 1982இல் போட்டி பிப்ரவரியிலிருந்து அக்டோபருக்கு மாற்றப்பட்டதால் அவ்வாண்டில் இரண்டு போட்டிகள் நடந்தன. அவற்றுள் பிப்ரவரிப் போட்டியில் முன்னணியில் வந்த ஜூலி மாஸ் என்ற மாணவி, இறுதிக்கோட்டை நெருங்குகையில் நிலைகுலைந்து விழுந்து, கேத்லீன் மெக்கார்ட்னி தம்மைக் கடந்து வென்ற பின்னரும் தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். இருவருக்கும் இடைவெளி 29 விநாடிகள். தொலைக்காட்சியில் ஒளிபரப்பான அக்காட்சி இப்போட்டியை உலகறியச் செய்தது.

வெயிலில் இவ்வளவு நேரம் உழைப்பது ஏன் கடினம் என்பதை உடலியல் விளக்குகிறது. உழைக்கும் தசை தான் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே இயக்கமாக மாற்றுகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. வெயிலில் பெரும்பாலும் வியர்வை ஆவியாகும்போதுதான் அவ்வெப்பம் வெளியேறும் என்பதால், ஈரம் மிகுந்த கடற்கரைக் காற்றில் வியர்வை சொட்டி வீணாக, உடல் சூடு ஏறிக்கொண்டே போகிறது. இதை எதிர்கொள்ளும் வழி வெப்பப் பழக்கம், அதாவது 10 முதல் 14 நாட்கள் வெயிலில் படிப்படியாகப் பயிற்சி செய்வதாகும். அதனால் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது, வியர்வை விரைவில் தொடங்குகிறது, அதில் வெளியேறும் உப்பும் குறைகிறது.

நம்மூர்த் தண்ணீர்ப்பந்தல் போன்ற உதவி நிலையங்கள் பின்னர் ஓட்டப்பாதையில் ஏறத்தாழ மைலுக்கு ஒன்றாக அமைந்து, நீரும் பனிக்கட்டியும் ஈரப் பஞ்சும் வழங்கின. ஆனால் அளவுமீறிக் குடித்தாலும் இரத்தத்தில் சோடியம் நீர்த்து உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதைத் தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1985இல் எடுத்துக்காட்டியதால், இயன்ற மட்டும் குடிக்க வேண்டும் என்ற பழைய அறிவுரை மாறி, தாகத்தை அறிந்து குடிக்கும் முறை வலுப்பெற்றது.

அனுபவமும் இதில் காவலாகாது. கோனாவில் ஏழு முறை வென்றிருந்த பாலா நியூபி-ஃப்ரேசர், 1995இல் முன்னணியில் ஓடியபோது உதவி நிலையங்களில் நிற்காமல் விரைந்து, முடிவுக்குச் சில நூறு மீட்டர் இருக்கையில் சரிந்து உட்கார்ந்துவிட, கேரன் ஸ்மையர்ஸ் வென்றார். சற்று ஓய்ந்து எழுந்து நான்காவதாக முடித்த நியூபி-ஃப்ரேசர், 1996இல் எட்டாவது பட்டத்தையும் பெற்றார். மனவுறுதி வீரரைப் புறப்படச் செய்யலாம். வெயிலில் அவரை நலமுடன் இறுதிக்கோட்டுக்குக் கொண்டுசேர்ப்பது நீரும் உப்பும் பழக்கமும் நிதானமும்தான் என்பதே கோனாவின் வரலாறு அளிக்கும் தீர்ப்பு.