ஆட்சி விரைந்தது, மார்க்கம் மெல்லப் பரவியது



அரபுப் படையெடுப்புகளைப் பாடநூலில் படித்த நம் பிள்ளைகள் வீட்டில் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: இஸ்லாம் வாளால் பரவியதா? இக்கேள்விக்கு வெகுளவும் வேண்டா. வரலாற்றை மறைக்கவும் வேண்டா.

நபி (ஸல்) அவர்கள் 632இல் மறைந்தார்கள். 636இல் நடந்த யர்மூக் போருக்குப் பின் பைசாந்தியர் சிரியாவை இழந்தனர். காதிசிய்யாப் போருக்குப் பின் சாசானியர் ஈராக்கை இழந்தனர். 642க்குள் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் தலைமையில் எகிப்தும் வசமாயிற்று. இவை போர்களே, குருதியும் சிந்திற்று. ஆனால் ஆட்சி மாற்றம் வேறு, மனமாற்றம் வேறு. அரபுப் படையினர் பஸ்ரா, கூஃபா, ஃபுஸ்தாத் ஆகிய புதிய நகரங்களில் குடியமர்ந்தனர். நாட்டு மக்கள் ஜிஸ்யா வரி செலுத்தித் தத்தம் சமயங்களில் தொடர்ந்தனர். எகிப்தில் கிறித்தவர்களே பல தலைமுறைகள் பெரும்பான்மையினராக இருந்தனர். உமையா ஆட்சி அதிகாரிகள் சிலர், இஸ்லாத்தை ஏற்றவர்களிடமும் ஜிஸ்யாவை வாங்கினர். 717இல் கலீஃபாவான உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். மதமாற்றமே படையெடுப்பின் நோக்கமாக இருந்திருப்பின், மாறியவர்களிடம் அவ்வரியைத் தொடர்ந்து கேட்டிருப்பார்களா?

பண்பாடும் ஒரே வார்ப்பில் மாறவில்லை. எகிப்தும் சிரியாவும் நாளடைவில் அரபி பேசின. பாரசீகமோ இஸ்லாத்தை ஏற்றும் தன் மொழியை விடவில்லை. அரபு எழுத்தைக் கைக்கொண்டு தன் மொழியையே வளர்த்தது. 1010ஆம் ஆண்டளவில் ஃபிர்தௌஸி தம் ஷாஹ்நாமாவைப் பாரசீகத்திலேயே நிறைவு செய்தார்.

நம் துணைக்கண்டத்தில், 711இல் தொடங்கிய அரபுப் படையெடுப்பு சிந்துப் பகுதியை வென்றது. தமிழகத்தை அப்படைகள் எட்டவில்லை. இங்கே மார்க்கத்தைக் கொணர்ந்தோர் கடல் வணிகர்களே. காயல்பட்டினம் போன்ற துறைகளில் அரபியர் உறவும் தொழிலும் கொண்டனர். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் வளர்ந்தது. உமறுப் புலவர் சீறாப்புராணத்தைத் தமிழில் இயற்றினார்.

கடலற்ற ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தின் வரலாற்றில் தக்காணத்தின் தடமும் ஆழமானது. 1638இல் பீஜப்பூர்ப் படை அண்டையிலுள்ள பெங்களூரைக் கைப்பற்றியது. பின்னர் ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியில் கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் இருந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் அது கம்பெனியார் வசமாயிற்று. இவ்வட்டார வீடுகளில் ஒலிக்கும் தக்கினி உருது அந்தத் தக்காணத்து மொழியே. அது அரபு நாட்டிலிருந்து வந்ததன்று. 'வேண்டாம்' என்பதற்கு அதில் வழங்கும் 'நக்கோ' மராத்தியிலிருந்து வந்த சொல்.

இவ்வரலாறு நமக்குள்ளேயே ஒரு படிப்பினையை வைக்கிறது. உருது பேசுவோரே அசல் முஸ்லிம்கள் என்னும் பெருமிதமும், தமிழ் பேசாதவர் அயலார் என்னும் ஒதுக்கமும் சம்பந்தம் பேசுமிடத்தில் இன்றும் தலைகாட்டுகின்றன. சிப்காட் தொழிற்சாலைகளுக்கு வடமாநிலங்களிலிருந்து வந்து, ஜும்ஆவில் நம்மருகே நிற்கும் தொழிலாளியின் மொழியோ இரண்டுக்கும் அப்பாற்பட்டது. சஃப்பில் மூவரும் தோளோடு தோள் நிற்கிறோம். பள்ளிவாசலின் வாயிலைத் தாண்டியதும் பிரிவது ஏன்?

மார்க்கத்தில் நிர்ப்பந்தத்தை மறுக்கிறது அல்பகராவின் 256ஆம் வசனம். மொழிகளின் வேற்றுமையை அல்லாஹ்வின் அத்தாட்சிகளுள் ஒன்றாக எண்ணுகிறது அர்ரூமின் 22ஆம் வசனம். பிள்ளைகளின் கேள்விக்கு முதல் வசனத்தைக் காட்டும் நாம், இரண்டாவதை நம் வீட்டு வாழ்விலும் காட்டக் கடமைப்பட்டவர்கள்.