தடம்

பாட்டுப் பதிவில் ‘ட்ராக்’ என்பதைத் தமிழில் தடம் என்கிறோம். பல தடங்களில் பதிந்தது பல்தடப் பதிவு. ‘தட’ பழைய உரிச்சொல். பெருமை, வளைவு என இரு பொருள்களைத் தொல்காப்பியம் அதற்குத் தருகிறது. தடம் என்ற பெயர்ச்சொல்லுக்கு வழி, கால்சுவடு, நீர்நிலை என்றெல்லாம் பொருள் உண்டு. யானை நடந்த தடம் என்றால் வன்னியில் எவருக்கும் விளக்கம் வேண்டாம்.

ஆங்கிலச் சொல்லும் முதலில் சுவட்டையே குறித்தது. காந்த நாடாவில் அருகருகே ஓடிய பதிவுக் கோடுகளுக்கு அது பிறகு பெயரானது. கித்தார்க் கலைஞர் லெஸ் பால் 1957இல் அம்பெக்ஸ் நிறுவனத்தின் எட்டுத் தட இயந்திரத்தைப் பெற்றார். இன்று அந்தக் கோடுகள் கியூபேஸ், ஒடாசிட்டி போன்ற மென்பொருள்களில் கணினித் திரையில் கிடக்கின்றன.

தடங்களின் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு: முல்லைத்தீவுக் கோவலன் கூத்தை ஒரே ஒலிவாங்கியில் பதிந்தால் மத்தளம் பாட்டை மூடிவிடும். கூத்தை நடத்தும் அண்ணாவியார் குரல், மத்தளம், தாளம், பிற்பாட்டு ஒவ்வொன்றையும் தனித் தடத்தில் எடுத்தால், மத்தளத்தைச் சற்றுத் தணித்துச் சொல் தெளிவாகக் கேட்கச் செய்யலாம். அதுவே கலவை. குரலை வைத்துக்கொண்டு மற்றத் தடங்களை மாற்றிப் புதிதாய்ச் சேர்த்தால் மீள்கலவை.

கலந்து முடித்த கோப்பிலிருந்து குரலைப் பிரிக்க இன்று மென்பொருள் உண்டு. ஆனாலும் மத்தளத்தின் எச்சம் குரலில் ஒட்டி வரக்கூடும். ஆகவே கூத்தைப் பதிகிறவர்கள் கலவையோடு மூலத் தடங்களையும் தனித்தனிக் கோப்புகளாகக் கட்டாயம் சேமிக்க வேண்டும்.