பலாலியிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்?

வட்டுக்கோட்டையிலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம் என்று ஒருவர் வினவினால், எந்தக் காலத்தில் என்று திருப்பிக் கேட்பதே தகும். மைல் கணக்கு மாறுவதில்லை; பிரயாணக் கணக்கோ தலைமுறைக்குத் தலைமுறை மாறி வந்திருக்கிறது.

1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். அங்கே கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாயினர். அவர்கள் காலத்தில் கடல் கடக்கப் புறப்பட்டவன் பாய்மரத்தையும் பருவக் காற்றையும் நம்பியே புறப்பட்டான். காற்று வாய்க்காவிட்டால் துறையிலே காத்துக் கிடக்க வேண்டியதுதான். 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடி இருகரை இரயில்களையும் இணைத்த பின்னர், இன்ன நாளில் போய்ச் சேரலாம் என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிந்தது.

1947 டிசம்பர் 10ஆம் திகதி இக்கணக்கு அடியோடு மாறியது. அன்று எயார் சிலோனின் 'சீதாதேவி' என்னும் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, பலாலியில் இறங்கி, சென்னைக்குப் பறந்தது. அந்நிறுவனத்தின் முதற் பறப்பே அதுதான். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானிய விமானப் படை அமைத்த பலாலித் தளம், காங்கேசன்துறை விமான நிலையம் என்ற பெயரால் அப்போது வழங்கியது. அதன் இருப்பிடம் வியப்புக்குரியது. இரத்மலானை அங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 205 மைல். சென்னை சுமார் 220 மைல். தலைநகரும் சென்னையும் யாழ்ப்பாணத்தானுக்கு ஏறக்குறைய ஒரே தொலைவுதான்! மணிக்கு 170 மைல் அளவில் பறந்த டக்கோட்டாவுக்குச் சென்னை ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட வழி.

பின்னர் போர் வந்தது. பலாலி படைத்தளமாகியது, சென்னைச் சேவை பல பத்தாண்டுகள் இல்லாதொழிந்தது. வடக்கே செல்ல வேண்டியவன் முதலில் தெற்கே செல்ல வேண்டியவனானான். பாதை திறந்திருந்த காலங்களில் கொழும்புக்குத் தரை வழியே ஏறத்தாழ 250 மைல். கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு வான் வழியே மேலும் 400 மைல். பாதை மூடியிருந்த காலங்களின் அல்லல் இம்மைல்களுக்குள் அடங்காது. தேசப்படத்தில் கட்டுநாயக்காவையும் சென்னையையும் ஒரு கோட்டால் இணைத்துப் பார்த்தால், அக்கோடு வட்டுக்கோட்டைக்குச் சில மைல் அருகாகவே செல்வதைக் காணலாம். புறப்பட்ட ஊரின் அருகாலேயே திரும்பிப் போவதற்கு இத்தனை அலைச்சல்.

2019 அக்டோபர் 17ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே அலையன்ஸ் எயார் சென்னையிலிருந்து சேவை தொடங்கியது. 2020இல் கொள்ளைநோயால் அது தடைப்பட்டு, 2022 டிசம்பரில் மீண்டது. அச்சேவையின் ஏ.டி.ஆர். விமானம் டக்கோட்டாவிலும் ஏறக்குறைய இருமடங்கு வேகமுடையது. ஆயினும் பிரயாண நேரம் பாதியாகிவிடவில்லை. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும், மேலேறவும், வேகம் தணித்து இறங்கவும் ஆகும் நிமிடங்கள் குறுகிய பறப்பில் பெரும் பங்கை உண்டுவிடுகின்றன. சுங்கமும் கடவுச்சீட்டுச் சோதனையும் கொள்ளும் பொழுது வேறு. வட்டுக்கோட்டையிலிருந்து பலாலிக்கோ, நேர்கோட்டில் பத்து மைல்கூட இல்லை.